மூன்றாவது ரேடியோவுக்கு மின்சாரம்

யாரும் பேசவில்லை. முள் மட்டும் இறங்கியது.

ரமோனா ஹாஸ்கெட் அதைக் கவனித்தது தற்செயலாகத்தான். ஹம்வீ என்ற ராணுவ வண்டியில், ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, தூசியும் காபித் துளியும் படிந்த ஒரு சின்ன வட்ட மீட்டர். பாட்டரிகளில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்று காட்டுவது அதன் வேலை. இன்ஜினை அணைத்துவிட்டு, காற்று கேன்வாஸ் கதவை உப்பவைத்துச் சுருக்குவதையும், தகரம் குளிரில் இறுகி எங்கோ டிக் டிக்கென்று சொல்வதையும், பக்கத்தில் ஓட்டுநர் ஸ்ட்ரவுட் மூக்கை உறிஞ்சுவதையும் கேட்டபடி அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அந்த முள் யாரோ விரல் வைத்து அழுத்தியதுபோல் மெல்லச் சாய்ந்தது. ஒரு வாக்கியம் பேசி முடிக்கும் நேரம் சாய்ந்தபடியே நின்றது. பிறகு பழைய இடத்துக்கு ஏறிக்கொண்டது.

ராணுவ வண்டியில் ரேடியோக்களோடு வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த அசைவு அத்துப்படி. ரேடியோ கேட்பதற்கு மின்சாரம் கொஞ்சம் போதும். பேசத்தான் நிறைய வேண்டும். மைக்கின் பொத்தானை அழுத்தினால் முள் தாழும், விட்டால் எழும். முள் இறங்கினால் வண்டிக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

"ஸ்ட்ரவுட், மைக் மேல உக்காந்திருக்கியா?"

"என் ரெண்டு கையும் இங்கதான் இருக்கு, சார்ஜென்ட். ஒண்ணு காபில. ஒண்ணு அக்குள்ல. உக்கார்ற எடத்துல வெறும் ஐஸ்தான்."

ஸ்ட்ரவுட் வடகோடிக் குளிர்நகரமான ஃபேர்பேங்க்ஸில் வீடுவீடாகக் கணப்பு எரிக்கும் எண்ணெய் கொண்டுபோய் ஊற்றுகிறவன். அவளைவிட வயதில் மூத்தவன், பதவியில் இளையவன். அந்த இரண்டையும் சமன்செய்ய அவளை எப்போதும் சற்றுக் கூடுதல் மரியாதையாக 'சார்ஜென்ட்' என்பான். ரமோனா ஊரில் லிஃப்ட் பழுது பார்ப்பவள். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு இருவரும் காவற்படைச் சீருடையை மாட்டிக்கொண்டு இப்படி எங்காவது உறைந்துகொண்டிருப்பார்கள். இந்த முறை ஆற்றை ஒட்டிய செங்குத்து மேட்டின் உச்சி. முகாமுக்கும் ஆற்றின் அக்கரைக்கும் நடுவில் செய்தியை வாங்கிக் கொடுப்பது வேலை.

அக்கரையில் இன்னொரு ஹம்வீயில் இருந்தவர்களில் ஒருவன் பிட்கா, இந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன். மற்றவன் ரமோனாவின் தம்பி கோரி.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சட்டத்தில் மூன்று ரேடியோக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மரைபோட்டு இறுக்கப்பட்டிருந்தன. முதலாவது முகாமுக்கு, இரண்டாவது கோரிக்கு. மூன்றாவது உபரி, இரண்டில் ஒன்று படுத்துவிட்டால் எடுத்துக்கொள்ள. அதன் குமிழ் 'அணை' என்ற இடத்தில்தான் நின்றது. காலையில் அவள்தான் அதைக் கிடங்கிலிருந்து தூக்கிவந்து பூட்டியிருந்தாள். மரைகளின் தலையிலும் குமிழ்களின் இடுக்கிலும் மாவு போன்ற சாம்பல் வண்டல் அப்பியிருந்தது, பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள். கிடங்குக்காரன் தோளைக் குலுக்கினான். "போன குளிர்காலத்துல ஐஸ் ஒடைஞ்சு தண்ணில போன வண்டியோடதா இருக்கும். காயவச்சு பாத்தாச்சு, ஓடுது. எடுத்துட்டுப் போ." தண்ணீரில் போன வண்டியில் யார் இருந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை மடித்துவைப்பதற்குள் சூரியன் விடைபெற்றுவிடும் மாதம் அது. வெளியே நீலம் கறுத்துக்கொண்டு வந்தது. வண்டிக்குள் டீசல் வாடை, ஈரக் கம்பளி வாடை, ஸ்ட்ரவுட்டின் தீய்ந்த காபி வாடை. எல்லாவற்றுக்கும் அடியில், கோடையில் ஆறு வடிந்த பிறகு கரையில் அடிக்குமே, அந்தச் சேற்று வாடை.

"தொப்பிய முடிச்சீங்களா?" என்றான் ஸ்ட்ரவுட்.

அவள் மடியிலிருந்த கம்பளிப் பின்னலைத் தூக்கிக் காட்டினாள். கோரியின் மனைவி டெஸ்ஸாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் கரடிக் காது வைத்த தொப்பி. ஒரு காது மற்றதைவிடப் பெரிதாக வந்திருந்தது.

"பாவம், கொழந்தை என்ன தப்பு பண்ணுச்சு?"

"வாய மூடு. கோரிகிட்ட மூச்சு விடாத. பெறந்தன்னிக்கு நேர்ல குடுக்கணும்."

மறுபடியும் முள் இறங்கி ஏறியது. இவள் சொன்னதைக் கேட்டு யாரோ தலையாட்டியதுபோல இருந்தது.

"இன்ஜினைக் கிளப்பு. பாட்டரி எறங்குது" என்றாள்.

"ரேடியோ அணை" என்றான் ஸ்ட்ரவுட். சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு பழக்கம் அது. இன்ஜின் கிளம்பும் அதிர்ச்சியில் மின்சாரம் தூக்கிப்போட்டால் ரேடியோவின் குடல் கருகிவிடும் என்பதால், அந்தப் படையில் யாரும் ரேடியோக்களை அணைக்காமல் சாவியைத் தொடமாட்டார்கள். ரமோனா எட்டி, மூன்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் பெரிய விசையைத் தட்டினாள். "அணைச்சாச்சு."

இன்ஜின் ஒருமுறை முக்கியது. இன்னொருமுறை முனகியது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவள் காபிக் குவளையைப் பார்த்தாள். குவளைக்கு அடியில் சூடேற்றும் தட்டு. தட்டிலிருந்து ஒரு சிவப்புக் கம்பி இருக்கைக்குக் கீழே, பாட்டரிப் பெட்டிக்குள் போனது.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"எல்லாரும் பண்றதுதான்" என்றான் அவன், குரல் இறங்கி.

எல்லாரும் செய்வதுதான். ராணுவ வண்டிக்கு இரண்டு பாட்டரிகள் சேர்ந்தால்தான் முழு பலம். கடையில் வாங்கும் காபித் தட்டுக்கு அதில் பாதி போதும் என்று ஏதாவது ஒரு பாட்டரியில் மட்டும் கம்பியைச் செருகிவிடுவார்கள். ஒரே சறுக்குவண்டியில் பூட்டிய இரண்டு நாய்களில் ஒன்றை மட்டும் அடித்து ஓட்டுவது மாதிரி அது. அந்த ஒன்று செத்ததும் மற்றதும் நின்றுவிடும். ஸ்ட்ரவுட்டின் காபிக்காக ஒரு பாட்டரி செத்திருந்தது, இந்தக் குளிரில்.

திட்டி என்ன ஆகப்போகிறது? அவள் விசையைப் போட்டு முதல் ரேடியோவில் முகாமைக் கூப்பிட்டாள். மீட்பு வண்டி அனுப்புகிறோம், பாதையெல்லாம் பனி மூடிக்கிடக்கிறது, பொறுமையாக இருங்கள் என்றார்கள். பொறுமைக்கு மட்டும் முகாமில் பஞ்சமே கிடையாது. அதை அணைத்துவிட்டு இரண்டாவதில் கோரியைக் கூப்பிட்டாள். பேசப் பேச முள் பாதாளத்துக்குச் சாய்ந்தது.

"கோரி, எங்க வண்டி படுத்துடுச்சு. மீட்பு வண்டி வருது. நீ அங்கயே இரு."

"உபரி பாட்டரி எங்கிட்ட இருக்கு அக்கா. பாலம் வழியா சுத்தி வரட்டுமா?"

"வேண்டாம். எடத்த விட்டு நகராத. பாட்டரி போதாது, இனி நான் அதிகமா பேச மாட்டேன்."

"சரி அக்கா."

அவள் பொத்தானை விட்டாள். முள் எழுந்தது. எழுந்த வேகத்தில் மறுபடியும் சாய்ந்தது. சாய்ந்தபடியே வெகுநேரம் கிடந்தது.

பிறகு இரண்டாவது ரேடியோவில் கோரியின் குரல் வந்தது. "ஐயோ, அப்படியா? மூச்சு இருக்கா அவருக்கு?"

ரமோனாவும் ஸ்ட்ரவுட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி அக்கா. ஆளுக்கொரு கைரேடியோவ எடுத்துட்டு, பாட்டரிய அக்கியோல வச்சு இழுத்துட்டு வரோம்." அக்கியோ என்பது படகு மாதிரி அடிப்பாகம் கொண்ட பனிச்சறுக்குப் பெட்டி, ஆட்கள் இடுப்பில் கட்டி இழுப்பது. "ஆனா பிட்கா ஆத்துக்குள்ள எறங்க மாட்டேங்கறான்."

ஆறு. மேட்டுக்கு அடியில், பனி போர்த்திய அந்த இடத்தில், ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். மேலே ஐஸ் கருங்கல் பாளம்போலத் தடிமனாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. நாய்கூடக் குறுக்கே போகாது.

ரமோனா மைக்கைப் பிடுங்கினாள். "கோரி, நான் எதுவும் சொ..." முள் அடிமட்டத்தில் விழுந்தது. ரேடியோ 'கிளிக்' என்று செத்து, அவள் பொத்தானை விட்டதும் மறுபடி உயிர்த்தது. கேட்க முடிந்தது, பேச முடியவில்லை.

"யாரு பேசறா அவன்கிட்ட?" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

ஸ்ட்ரவுட் பின்னால் கைகாட்டினான். மூன்றாவது ரேடியோவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குமிழ் 'அணை'யில் நின்றது.

அவள் இருக்கையைத் தாண்டி ஊர்ந்தாள். சேற்று வாடை முகத்தில் அடித்தது. அதன் ஒலிபெருக்கியின் சல்லடைமீது காதை வைத்தாள். சல்லடை வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வண்டியில் வெதுவெதுப்பாக இருந்தது அது ஒன்றுதான். உள்ளே, தலையணைக்குள் பேசுவது மாதிரித் தணிந்து, ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"...பயப்படாத கண்ணா. ஐஸ் கெட்டியா இருக்கு. ஸ்ட்ரவுட் மயங்கிக் கெடக்கான், நேரமில்ல. கொழந்தைக்குத் தொப்பி பின்னிட்டேன், தெரியுமா? கரடிக் காது வச்சது. ஒரு காது பெருசாயிடுச்சு. வா, நேர்ல பாப்ப..."

அது ரமோனாவின் குரல்.

அவள் பின்னால் சாய்ந்து விழுந்தாள். ஸ்ட்ரவுட்டும் கேட்டுவிட்டிருந்தான், அவன் தாடியில் காபி உறைந்திருந்தது.

"தொப்பி விஷயம் என்கிட்ட மட்டும்தான சொன்னீங்க" என்றான். "இங்கதான சொன்னீங்க. இந்த வண்டில."

"உன் கம்பிதான். உன் காபிக் கம்பி இதுலயும் எங்கயோ தொட்டிருக்கு." ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது அவளுக்கு. சிவப்புக் கம்பியை வேரோடு பிடுங்கினாள். தட்டின் விளக்கு அணைந்தது. பச்சை விளக்கு அணையவில்லை. மின்சாரப் பெட்டியில் மூன்றாவது ரேடியோவுக்கான கேபிளைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பொருத்து வளையத்தைத் திருகி, இழுத்தாள். கேபிள் கையோடு வந்தது. அதன் நுனியிலிருந்த பித்தளை ஊசிகளை அவள் பார்த்தாள். ஒன்றையும் தொடாமல் காற்றில் நின்றன.

பச்சை விளக்கு எரிந்தது. மீட்டரில் முள் இறங்கியது.

கேபிள் அவள் கையில்தான் இருந்தது.

"தள்ளுங்க" என்றான் ஸ்ட்ரவுட். சுத்தியலை எடுத்து மரைகளை அடித்தான். குளிரில் இறுகிப்போன மரைகள் அசையவில்லை. ரேடியோவின் முகத்தில் அடித்தான், இரண்டாவது அடியில் கண்ணாடி விரிந்தது. விரிசலிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் கசிந்து சட்டத்தின் வழியே இறங்கியது. துப்பினால் தரையில் விழுமுன் உறையும் குளிர் அது. அந்தத் தண்ணீர் உறையவில்லை.

ஸ்ட்ரவுட் சுத்தியலைக் கீழே போட்டான்.

"நான் கீழ பாத்து லைட்டக் காட்டறேன்" என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். கதவு திறந்து மூடிய அந்த நேரத்தில் வண்டிக்குள் இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் போயிற்று. ரமோனா தனியாக இருந்தாள், மடியில் கேபிளோடு, முன்னால் மீட்டர், பின்னால் அது.

இரண்டாவது ரேடியோ கரகரத்தது. கோரி இல்லை, பிட்கா. எப்போதும் கேலியாகவே பேசுகிறவன் இப்போது மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். "சார்ஜென்ட், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குரல்தான். ஆனா நீங்க மூச்சு விடறது கேக்கல. இவ்வளவு நேரம் பேசினீங்க, நடுவுல ஒரு தடவகூட மூச்சு எடுக்கல. நான் இவன விடமாட்டேன்."

பிட்கா, நீ நல்லா இருக்கணும். விடாதே அவனை. பிடித்து வை.

முள் இறங்கியது. சல்லடைக்குள் அவள் குரல் ஆழமாக மூச்சை இழுத்து விட்டது.

"கேட்டியா?" என்றான் கோரி. "மூச்சு விடறா பாரு. அங்க ஒருத்தன் செத்துட்டு இருக்கான், நீ என்னமோ..." பின்னால் பிட்கா ஏதோ சொல்வது கேட்டது. இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தார்கள். பிறகு கோரி, சலித்துக்கொண்டு: "சரிப்பா. அக்கா, இவன் நம்ப மாட்டேங்கறான். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. டேய் பிட்கா, நீ காதப் பொத்திக்கோ. சின்ன வயசுல நான் ராத்திரி படுக்கைய நனைச்சேனே, அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு நீ அந்த மெத்தை மேல என்ன கொட்டின?"

வண்டிக்குள் சத்தமே இல்லை.

முள் அசையவில்லை.

அவள் காத்திருந்தாள். முள் அசையவில்லை. மூன்றாவது ரேடியோவுக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்த விஷயத்தை அவர்கள் இருவரும் ஒருவரிடமும் சொன்னதில்லை. எட்டு வயதுத் தம்பியின் மானத்தைக் காப்பாற்ற, தான்தான் சிந்தியதாகச் சொல்லி அப்பாவின் பெல்ட்டை அவள் வாங்கிக்கொண்டாள். இந்த உலகத்தில் அந்தப் பதில் தெரிந்த தொண்டைகள் இரண்டே இரண்டு.

சந்தோஷம் அவளுக்குத் தலைக்கு ஏறியது. நான்தான்டா கோரி. நான்தான் உன் அக்கா. இப்போது தெரிந்துவிடும். அவ்வளவு நேரம் ஓய்ந்திருந்த பாட்டரியில் ஒரு வார்த்தைக்காவது தெம்பு ஊறியிருக்கும். ஒரே ஒரு வார்த்தைதானே. அவள் மைக்கை உதட்டில் ஒட்டவைத்து, பொத்தானை நசுக்கி, நெஞ்சு வெடிக்கச் சொன்னாள்.

"திராட்சை ஜூஸ்."

கிளிக். ரேடியோ செத்தது. முள் அடியில் கிடந்தது.

அவள் பொத்தானை விட்டாள். ரேடியோ உயிர்த்தது. அந்தப் பக்கம் வெறும் இரைச்சல், கோரி இன்னும் காத்துக்கொண்டிருந்தான். பதில் போய்ச் சேரவில்லை.

பதில் வண்டிக்குள்ளேயே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சும்மா இருந்திருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், யாரும் பதில் சொல்லாமல் இருந்திருந்தால், அவன் கரையிலேயே நின்றிருப்பான்.

முள் இறங்கியது. நிதானமாக.

"திராட்சை ஜூஸ்" என்றது அவள் குரல், சிரித்துக்கொண்டே. அவள் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. இருந்தாலும் சிரித்திருந்தால் அப்படித்தான் சிரித்திருப்பாள்.

"போதுமாடா பிட்கா?" என்றான் கோரி. அவன் குரலில் கண்ணீர் இருந்தது. "வரோம் அக்கா."

ரமோனா கதவை உதைத்துத் திறந்து பனியில் விழுந்தாள். முழங்கால்வரை புதைந்து, எழுந்து, மேட்டின் விளிம்புக்கு ஓடினாள். "கோரி." காற்று அவள் வாயிலிருந்தே அந்தப் பெயரைப் பிடுங்கிப் பின்னால் எறிந்தது. விளிம்பில் ஸ்ட்ரவுட் நின்று டார்ச்சைத் தலைக்கு மேலே இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தான். வராதே, வராதே என்று ஆட்டினான்.

கீழே, பனிப்புகைக்குள், நெற்றி விளக்குகள் இரண்டு. அக்கரையைவிட்டு இறங்கியிருந்தன.

திறந்துகிடந்த வண்டிக் கதவு வழியே கோரியின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது. "ஸ்ட்ரவுட் எழுந்துட்டாரா அக்கா? மேல லைட் தெரியுது. அதப் பாத்துட்டே வரோம்."

ரமோனா ஸ்ட்ரவுட்டின் கையிலிருந்த டார்ச்சைத் தட்டிவிட்டாள். அது பனிக்குள் விழுந்து புதைந்து மங்கியது.

தாமதம்.

இரண்டு விளக்குகளில் ஒன்று நின்றது. பிட்காவாகத்தான் இருக்கும். மற்றது முன்னால் வந்தது. சறுக்குப் பெட்டியை இழுப்பதால் ஒவ்வொரு அடிக்கும் குனிந்து நிமிர்ந்தது. குனிந்தது. நிமிர்ந்தது. குனிந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பெருமூச்சு. விளக்கு ஒரு ஆள் உயரம் இறங்கியது. அணையவில்லை. பனிக்கு அடியில் பச்சையாக, அகலமாக எரிந்தது. பிறகு நகர ஆரம்பித்தது, நீரோட்டத்தோடு, மேட்டின் அடிவாரத்தை ஒட்டி, அவர்கள் காலுக்கு நேர் கீழே வந்து, ஏதோ தடுத்து அங்கேயே நின்றது. மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு.

அவள் வண்டிக்குத் திரும்பியது எப்படி என்று அவளுக்கே தெரியாது. மைக்கைத் தேடினாள். முகாமைக் கூப்பிட வேண்டும். மீட்டர் தெரிந்தது.

முள் இறங்கியது.

"பிட்கா" என்றது மூன்றாவது ரேடியோ. உடைந்த கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் குமிழியிட்டது. கோரியின் குரல். மூச்சிரைப்பு இல்லை, நடுக்கம் இல்லை. "வெறும் பள்ளம்டா. விழுந்து எழுந்துட்டேன். ஏன் நின்னுட்ட? ஐஸ் கெட்டியாதான் இருக்கு. வா."

ஆற்றின் நடுவில் நின்றிருந்த விளக்கு தயங்கியது.

இரண்டாவது ரேடியோவில் பிட்காவின் குரல், மிகச் சன்னமாக: "கோரி? நீ நெசமா கோரிதானா? அப்படின்னா ஒண்ணு சொல்லு. இன்னிக்குக் காலைல நான் உன்கிட்ட ஒரு பேர் சொன்னேனே. பொறக்கப்போற உன் பொண்ணுக்கு வைக்கச் சொல்லி. அது என்ன பேரு?"

முள் அசையவில்லை. காத்திருந்தது.

ரமோனாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. கடவுளே, தெரியாமல் இருந்ததே. அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் பல் பட்டு ரத்தம் வந்தது. ஒரு மூச்சுகூட விடவில்லை.

கதவு திறந்தது. ஸ்ட்ரவுட். புருவத்தில் பனி, கண்ணீர் கன்னத்தில் உறைந்திருந்தது. காலையில் முகாமில் பிட்காவோடும் கோரியோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பான்கேக் தின்றவன் அவன். பிட்காவின் கேள்வி அவன் காதில் விழுந்திருந்தது. அவன் உதடு, தன்னையறியாமல், அந்தப் பெயரின் முதல் எழுத்துக்காகக் குவிந்தது.

அவள் பாய்ந்து அவன் வாயில் கையை வைத்து அழுத்தினாள். அவன் தோளுக்கு மேலே, கீழே ஆற்றில், விளக்கு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவள் உள்ளங்கைக்குள் அவன் சூடான மூச்சு ஒரு சொல்லாக அசைந்தது.

பின்னால், மீட்டரில், முள் இறங்கியது.